வால் வீசும் கார்கள்: குற்றம் யாருடையது?

மாதாப்பூர் என்றால் ஒரு காலத்தில் ஹைதராபாத்துக்கு வெளியே பாறைகளும் புதர்களும் நிறைந்த கிராமம். 1998-ம் ஆண்டு சைபர் டவர்ஸ் கட்டடம் எழுந்த பிறகு ஊரின் முகமே மாறிவிட்டது. சென்னை, கோவை, மதுரை என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் ஏராளமானோர் இங்கே உத்தியோகத்துக்கு வந்து குடியேறியிருக்கின்றனர். கையில் நாலு காசு சேர்ந்ததும் சிலருக்கு ஸ்போர்ட்ஸ் கார் மீது ஆசை பிறக்கிறது. புதிது வாங்க வசதியில்லாதவர் பழையதை வாங்குகிறார். சில மாதங்களில் பட்டறை வாசலில் நிற்கிறார். "வளைவில் திரும்பினால் வண்டியின் பின்பக்கம் தனியாகப் போகிறது" என்பது புகார். வால் வீசுகிறது என்று சொல்வதுண்டு.

இது அலட்சியமாக விடக்கூடிய கோளாறு அல்ல. முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே போகும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பக் கிடைக்கும். பின்சக்கரம் வழுக்கினாலோ வண்டி பம்பரமாகச் சுற்றும். அப்போது பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுப்பதுதான் மனித சுபாவம். அதுவே வினையாகிறது. காலை எடுத்ததும் வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. பின்சக்கரங்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பிடிப்பும் போய்விடுகிறது.

இந்தச் சங்கடத்தை நம்மவர்கள் எப்போதோ பார்த்தாயிற்று. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டாக்டர்கள், வக்கீல்கள் வீட்டு வாசலில் நின்ற கார். சோழவரம் பந்தயத்திலும் ஓடிய கார். 1959-ல் பிரிட்டனில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டுதான் அதன் மூலம். அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பேர் அமரும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள்.

இரண்டுக்கும் பின்பக்க அமைப்பு ஒன்றே. நடுவில் டிஃபரன்ஷியல், அதன் இரு பக்கமும் ஊஞ்சல் போல் ஆடும் அரை அச்சுகள், மேலே குறுக்கே ஒரு ஸ்பிரிங் பட்டை. குழியிலும் மேட்டிலும் சொகுசாகப் போகும். ஆனால் வேகமாக வளையும்போது காலை எடுத்தால் வண்டியின் பின்புறம் மேலே எழும்பும். அச்சு உள்புறம் மட்டுமே மடங்கக்கூடியது என்பதால், வெளிப்பக்கச் சக்கரம் காலை மடக்கிக் கொண்டதைப் போல வண்டிக்கு அடியில் சாயும். டயர் முழு அகலமும் தரையில் பதியாமல் ஓரத்தில் நிற்கும். பிறகு டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பிரயோசனமில்லை.

1970-ல் வந்த நான்காவது ஸ்பிட்ஃபயரில், குறுக்குப் பட்டையை நடுவில் அசையும்படி மாற்றி இதைப் பெருமளவு சரிசெய்தார்கள். சென்னையிலோ 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் ஆடும் அச்சையே எடுத்துவிட்டு, லாரிகளில் உள்ளது போன்ற ஒரே துண்டான அச்சைப் போட்டார்கள். நாகரிகம் குறைவுதான், நம்பகம் அதிகம்.

பெயர் பெற்ற கம்பெனிகளும் இதிலிருந்து தப்பவில்லை. போர்ஷே 911 காரின் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. ஆரம்ப கால வண்டிகள் சிலவற்றில், முன் பம்பரின் இரு மூலைகளிலும் 11 கிலோ இரும்புக் கட்டிகளை ஒளித்து வைத்துச் சமாளித்தார்கள்! பிறகு 1969 மாடலில் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 57 மில்லி மீட்டர் கூட்டினார்கள். 1998-ல் வெளிவந்த ஆடி டி.டி. ஜெர்மனியின் அதிவேகச் சாலைகளில் உயிர்ப்பலி வாங்கிய பின், வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பின்புறம் காற்றுத் தடுப்புப் பட்டை, சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சாதனம் ஆகியவற்றைப் பொருத்தினர். ஆகவே வால் வீசும் போதெல்லாம் ஓட்டுகிறவரையே குறை சொல்வது நியாயமாகாது.

எப்போது வீசுகிறது?

பட்டறையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆனால் பல இடங்களில் கேட்பதே இல்லை. "ஷாக் அப்சார்பர் போய்விட்டது" என்று சொல்லி ஒரு ஜோடி மாற்றிவிடுகிறார்கள். இறக்குமதிச் சரக்கு விலை அனைவரும் அறிந்ததே. பணம் போகும், கோளாறு போகாது.

மேட்டில் ஏறி இறங்கிய பின்னும் வண்டி துள்ளிக் கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகிக்கலாம். அதன் உடம்பில் எண்ணெய்க் கசிவு தெரியும். காலை எடுத்ததும் வீசினால் ரப்பர் புஷ் தேய்ந்து சக்கரம் திசை மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிக் கடப்பாரையால் நெம்பினால் புஷ்ஷின் யோக்கியதை தெரிந்துவிடும். மழையில் மட்டும் வீசினால் டயர்தான். நேர்ச் சாலையிலேயே நிலைகொள்ளாமல் அலைந்தால் சக்கரங்களின் கோணம் தவறியிருக்கிறது. ரயில் சக்கரத்துக்குக் கூம்பு வடிவம் உண்டு. தானே நடுவுக்கு வந்து சேரும். ரப்பர் டயருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

செலவில்லாததை முதலில் பார்ப்பதே முறை. வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காற்றை அளக்க வேண்டும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் முன்னுக்கு ஓர் அளவு, பின்னுக்கு ஓர் அளவு. பெட்ரோல் பங்க் பையன் நாலுக்கும் 35 பவுண்டு அடித்துவிட்டால் வண்டியின் குணமே மாறிவிடும். அடுத்தது டயரின் வயது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. அடித்தளத்தில் உறை போட்டு மூடி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் கார்களில் டயர் தேய்வதில்லை. பார்க்கப் புதிதாகவே இருக்கும். ஆனால் ரப்பர் இறுகிக் கட்டையாகியிருக்கும். மாதாப்பூர் போன்ற இடத்தில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பின்பக்கம் இரண்டும் ஒரே ரகம்தானா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது.

கோணம் பார்க்க மேடை இல்லாவிட்டால் நூல் போதும். பந்தயக்காரர்கள் இன்றும் கையாளும் முறை இது. காரின் இரு பக்கமும், சக்கர மையத்தின் உயரத்தில், நடுக்கோட்டுக்கு இணையாக நூல் கட்டி, பின்சக்கர விளிம்பின் முன்புறமும் பின்புறமும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளக்கிறார்கள். முன்புறம் நூலை நெருங்கியும் பின்புறம் விலகியும் இருந்தால் சக்கரம் வெளியே பார்க்கிறது என்று பொருள்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் குணமானது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. சோதனைக்கு இரவு நேரத் துர்க்கம் செருவு பாலம் இடமல்ல. அங்கே படம் பிடிக்க வருகிற குடும்பங்கள் நடந்து கொண்டிருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறக்கப்பட்ட பந்தயப் பாதை இந்த மாதிரிச் சோதனைக்கு ஏற்றது. ஹைதராபாத்திலிருந்து அறுநூறு கிலோ மீட்டருக்கு மேல். ஆனால் நம்மவர்களுக்கு எப்படியும் ஊருக்குப் போகிற வழிதானே.