மண் மறப்பதில்லை!

கடையில் உருளைக்கிழங்கு வாங்கும்போது அழுகலா, சொத்தையா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள் அல்லவா? பயிரிடுகிறவருக்கோ கிழங்கைப் பார்த்தால் மட்டும் போதாது. மண்ணையும் பார்க்க வேண்டும்!

கனடாவில் பிரின்ஸ் எட்வர்ட் தீவு செம்மண் பூமி. உருளைக்கிழங்குதான் அங்கே பெரிய விளைச்சல். 2000-ஆம் ஆண்டில் அங்கு 'மரு நோய்' தலைகாட்டியது. கிழங்கின் கண்களில் காலிபிளவர் மாதிரி கழலை புடைக்கும். தின்பவர்களுக்குக் கெடுதல் இல்லை, விளைச்சலுக்குத்தான் யமன்!

காரணம் ஒரு பூசணம். கழலை அழுகியதும் அதன் நுண்வித்துக்கள் மண்ணில் இறங்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு உறங்கும். மருந்து தெளித்து ஒழிக்க வழியில்லை.

அப்படியானால் ஆபத்தை எடைபோடுவது எப்படி? இந்த வயலில் முன்பு மரு கண்டதுண்டா? விதைக்கிழங்கு எங்கிருந்து வந்தது? நோயுள்ள மண், டிராக்டர் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்குமா? இவற்றை விசாரித்தபின், வயலில் பல இடங்களில் மண் எடுத்துச் சலித்து, மைக்ராஸ்கோப்பில் வித்துக்களைத் தேடுவார்கள். அகப்படவில்லை என்றால் அறவே இல்லை என்று அர்த்தமல்ல. அள்ளாத பிடியில் இருக்கலாமே!

2021-இல் மேலும் இரண்டு வயல்களில் மரு தெரிந்தது. அந்த நவம்பரில் தீவின் கிழங்கு அமெரிக்காவுக்குப் போவது நின்றது. நோயே காணாத வயல்காரர்கள்கூட, தேங்கிப்போன நல்ல கிழங்கைப் பனியில் கொட்டி அழித்தார்கள். சமையலுக்கான கிழங்கு, நன்றாகக் கழுவிய பிறகே, 2022 ஏப்ரலில் மறுபடி கிளம்பியது.

கிழங்கில் ஒட்டிய மண்ணை நீங்கள் ஒரு நொடியில் தட்டிவிடுகிறீர்கள். அந்த ஒரு சிட்டிகை மண்ணுக்குத்தான் அங்கே இத்தனை பயம்!