மோட்டார் வண்டியின் மேற்கட்டி

மணப்பந்தரிலும் மண்டபத்திலும் கூரையின் கீழ்த் துணி கட்டி அழகு செய்தலை நம் முன்னோர் மேற்கட்டி என்றும் விதானம் என்றும் வழங்கினர். அத்தகையதொரு மேற்கட்டி மோட்டார் வண்டிக்குள்ளும் உண்டு. அது தலைமேல் வந்து படியும்வரை அதனை நினைப்பார் இலர். கடைத்தெருவில் இதற்கு 'டாப் சீலிங்' என்றும் 'ரூப் லைனிங்' என்றும் பெயர். நாம் இக்கட்டுரையில் பழம்பெயரையே கொள்வோம்.

சேலத்திற்கு மேற்றிசையில் கஞ்சமலைக்கு அணித்தாயுள்ள இளம்பிள்ளை என்னும் ஊரை நண்பர் பலர் அறிவர். தறியோசை கேளாத தெரு அங்கு அரிது. அவ்வூர்ச் சேலைகள் பல நகரங்களுக்கும் செல்கின்றன. நம் தாய்மாமன் அங்கே சேலை வாணிகம் செய்பவர். அவர் பிறர் கையிலிருந்து வாங்கிய ஒரு காரின் மேற்கட்டி, வண்டிக்குப் பன்னிரண்டு வயது ஆகியபோது, பின்கண்ணாடிக்கு மேலே உள்ளங்கையளவு தளர்ந்தது. ஒரு திங்கள் கழிவதற்குள் அது குழந்தைக்குக் கட்டிய தூளிபோலத் தொங்கிற்று. மகளிர் கூந்தலிற் பட்டது; பூவை உதிர்த்தது. இவையெல்லாம் நகைப்பிற்குரிய தொல்லைகளே. ஆனால் ஒருநாள் மாலை சங்ககிரியிலிருந்து மீள்கையில் நிகழ்ந்தது நகைப்பிற்குரியதன்று. தொங்கிய துணி பின்கண்ணாடியின் பாதியை மறைத்தமையால், பின்னே வந்த லாரி மாமாவின் முன்னுள்ள சிறு கண்ணாடியில் தோன்றவேயில்லை. குழியொன்றை விலக்கக் கருதி அவர் வண்டியை வலப்புறம் ஒதுக்கினார். அக்கணத்தில் லாரி முந்த முற்பட்டது. இரு சாண் இடைவெளியில் பிழைத்தோம். வீடு சேரும்வரை எவரும் வாய் திறக்கவில்லை.

மறுநாளே பரிகாரம் தொடங்கிற்று. எனினும் தவறான வழியிலே தொடங்கிற்று. முதலில் குண்டூசிகள் குத்தப்பெற்றன. அவை இரண்டொரு நாளில் ஒவ்வொன்றாய் மடியில் விழுந்தன. பின்னர் ஒரு தொழிலாளி வந்து, துணியைச் சிறிது கிழித்து, உள்ளே பசையைப் பாய்ச்சி, கையால் அழுத்தி ஒட்டிச் சென்றார். அன்று பார்க்க அழகாகவே இருந்தது. இருபதாம் நாள் அத்துணி முன்னினும் பெரிய பரப்பாய்க் கழன்று வீழ்ந்தது. "துணி மட்டம், அதனால் தாங்கவில்லை" என்று மாமா முடிவு செய்தார். நெசவூரினர் துணியைப் பழித்தால் அதற்கு மறுமொழி கூறுவது எளிதன்று.

மறுமொழி கூறியவர் அண்டைவீட்டு முதியவர் ஒருவர். ஐம்பதாண்டு தறியில் இருந்தவர். கழன்ற துணியின் ஓரத்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இரு கையாலும் இழுத்தார். நகத்தால் ஓர் இழையை நெருடினார். "தம்பி, துணிமேல் குற்றமில்லை. இன்னும் பத்து வருஷம் உழைக்கும். இதன் பின்னாலே ஏதோ மாவு மாதிரி உதிருகிறதே, அது என்ன?" என்றார். அவர் விரல்களில் மஞ்சள் நிறமான பொடி ஒட்டியிருந்தது. அந்தப் பொடியே இவ்விஷயத்தின் மர்மம்.

இக்காலத்து வண்டிகளின் மேற்கட்டி மூன்று அடுக்குடையது. மேலே, கூரைத்தகட்டை ஒட்டி, வண்டியின் வடிவிற்கேற்ப அச்சில் அழுத்திய அட்டைப் பலகை. கீழே நம் கண்ணுக்குத் தெரியும் துணி. இரண்டிற்கும் நடுவே சில மில்லிமீட்டர் கனமுள்ள நுரைப்பஞ்சு. இப்பஞ்சின் ஒரு முகத்தைத் தீயினால் இளக்கி, அது ஆறுமுன் துணியை அதன்மேல் அழுத்தி ஆலையிலேயே ஒன்றாக்கி விடுகின்றனர். மறுமுகம் பலகையில் பசையால் ஒட்டப்பெறுகிறது. ஆகவே துணி பலகையில் ஒட்டியிருக்கவில்லை, பஞ்சில் ஒட்டியிருக்கிறது. பஞ்சு பலகையில் ஒட்டியிருக்கிறது. நடுவிலிருப்பது நைந்தால் மற்ற இரண்டும் எவ்வளவு உறுதியாயிருந்தும் பயன் யாது?

இந்த நுரைப்பஞ்சு பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆயது. இப்பொருளை 1937-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயர் என்ற இரசாயன அறிஞரும் அவருடன் உழைத்தோரும் கண்டறிந்தனர். ஆப்பத்தின் நடுவைப் பிட்டுப் பார்த்தால் எங்ஙனம் எண்ணிறந்த சிறு கண்கள் தோன்றுமோ, அங்ஙனமே இப்பஞ்சும் கண்ணறைகள் நிறைந்தது. ஒவ்வோர் அறையின் சுவரும் மிக மெல்லியது. மென்மைக்குக் காரணமாகிய அவ்வமைப்பே அழிவுக்கும் காரணமாகிறது. காற்றும் ஈரமும் அதன் உள்ளெங்கும் புகுந்து ஒவ்வொரு சுவரையும் தொடவல்லன. இப்பஞ்சில் இருவகை உண்டு. ஒருவகையின் நெடுந்தொடரான அணுக்கூட்டங்களை ஈரம் துண்டு துண்டாகப் பிளக்கும். மற்றொருவகையைப் பிராணவாயு நலிவிக்கும். இரண்டையும் விரைவுபடுத்துவது உஷ்ணம். வெப்பம் 10 பாகை ஏறினால் இத்தகைய மாறுதல்களின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது இரசாயன நூலார் கொள்ளும் பொதுவான கணக்கு. சேலத்துச் சித்திரை வெயிலில், நிழலிலேயே வெப்பம் 40 பாகையை நெருங்கும்போது, வெளியில் நிறுத்திய வண்டியின் கூரைத்தகட்டில் கை வைக்க ஒண்ணுமோ? அத்தகட்டின் கீழேயே இப்பஞ்சு ஆண்டுதோறும் வெந்துகொண்டிருக்கிறது. எனவே பஞ்சு வலியிழந்து, இறுதியில் மஞ்சட்பொடியாகிறது. அப்பொடியின்மேல் பூசிய எந்தப் பசையும் பொடியைத்தான் பற்றும், பலகையைப் பற்றாது. இருபது நாட்பரிகாரம் வீழ்ந்த காரணம் இதுவே.

பழைய வண்டிகளில் இந்நோய் இல்லை. தொடக்கத்துப் பெட்டிவண்டிகளின் கூரை நடுவில் எஃகுத் தகடே இருந்ததில்லை. மரச்சட்டமும் கம்பிவலையும் அவற்றின்மேல் நீர்புகாத துணியுமாக அதனை அமைத்தனர். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் தம் 1935-ஆம் ஆண்டு வண்டிகளில் கூரை முழுவதையும் எஃகுத் தகட்டால் அழுத்திச் செய்தனர். அதன்பின் அவ்வழக்கம் எங்கும் பரவியது. எஃகுக் கூரை உறுதியானது. ஆயினும் முரசுபோல் ஒலிப்பது, அடுப்புக்கல் போற் சுடுவது. அதனால் உள்ளே மேற்கட்டியின் தேவை முன்னினும் மிகுந்தது. அந்நாளில் துணியின் முதுகில் குறுக்கே சில நீண்ட பைகளைத் தைத்து, வில்போல் வளைந்த கம்பிகளை அவற்றினூடே செருகி, கம்பிகளின் நுனியைக் கூரையின் இருமருங்கும் பொருத்துவர். ஓரங்களை இழுத்து ஒட்டுவர். வங்காளத்து உத்தரபாராவில் 1958 முதல் 2014 வரை செய்யப்பெற்ற அம்பாசடர் வண்டியின் மேற்கட்டி இவ்வகையினதே. அதில் தையல் விட்டால் விட்ட இடம் மட்டும் தொங்கும். ஊசியும் நூலும் தெரிந்தவர் எவரும் சீர்செய்யலாம். பலகை வகையோ செய்வதற்கு மலிவானது, பொருத்துவதற்கு விரைவானது. ஆனால் பழுதுற்றால் முழுவதையும் கீழிறக்காமல் வேறு வழியில்லை. உடைமைக்காரனைவிட ஆலைக்காரனுக்கே இது பெரிதும் உதவுவது என்பது நம் எண்ணம்.

சேலத்தில் முதிர்ந்த குஷன் மேஸ்திரி ஒருவரிடம் முறையைக் கேட்டறிந்து, வேலையை நாமே மாமாவின் முற்றத்து வேப்பமரத்தடியில் மேற்கொண்டோம். அதற்குமுன் அவர் வற்புறுத்திய எச்சரிக்கை ஒன்றுண்டு. புதுவண்டிகள் சிலவற்றில், மோதலின்போது காற்றடைந்து விரியும் திரைப்பைகள் மேற்கட்டியின் இரு ஓரங்களிலும் மடித்து வைக்கப்பட்டுள்ளன. அத்தகைய வண்டிகளில் ஊசி குத்துவதும் ஓரத்தைப் பசையிட்டு இறுக்குவதும் அப்பை விரியும் வழியை அடைப்பதாகும். அவற்றைப் பயின்றவரிடமே விடவேண்டும். நம் மாமாவின் வண்டியில் அவை இல்லை.

வெயில்மறைப்பு, உள்விளக்கு, கைப்பிடிகள், தூண்களின் உறை, கதவோரத்து ரப்பர் ஆகியவற்றைக் கழற்றினால் பலகை தானே இறங்கும். இருவர் தாங்கவேண்டும். முன்னிருக்கைகளைச் சாய்த்து, பலகையை ஒருக்களித்துக் கதவின் வழியே வெளிக்கொணர்ந்தோம். வழியில் அது மடிந்தால் அம்மடிப்பு ஒருபோதும் மறையாது. பழந்துணி ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அதன்பின்தான் உண்மையான உழைப்பு. பலகையில் எஞ்சிய பஞ்சுப்பொடியைத் தேங்காய்நார்த் தூரிகையால் தேய்த்தோம். கம்பித் தூரிகை பலகையையே கீறிவிடும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டோம். எனினும் பலகையில் கலந்திருந்த கண்ணாடி இழை கைகளில் ஏறி இரண்டு நாள் அரித்தது. முழுக்கைச் சட்டை அணியாதது நம் பிழை. உள்ளங்கையால் தடவினால் மஞ்சள் ஒட்டாத நிலை வருமட்டும் தேய்த்தல் வேண்டும். ஒரு பகற்பொழுது முழுதும் இதிற் கழிந்தது. பாதியில் மாமா, "போதும் மாப்பிள்ளை, பசை பிடித்துக்கொள்ளும்" என்றார். சங்ககிரி வழியை நினைவூட்டினோம். அவரும் தூரிகையை எடுத்துக்கொண்டார்.

இனித் துணி. நெசவூரில் துணிக்கா பஞ்சம்? மாமா தம் கடையிலிருந்து நேர்த்தியான பருத்தித் துணி ஒன்றைக் கொணர்ந்தார். அத்தை அதன் கரையையும் வைத்துத் தைக்கலாம் என்றார். அவர்கள் மனம் நோகாதிருக்க, அதில் ஒரு முழத்தைப் பலகையின் பள்ளமான ஒரு மூலையில் ஒட்டிப் பார்த்தோம். பள்ளத்தில் மூன்று சுருக்கம் விழுந்தது. பசை துணியினூடே ஊறி எண்ணெய்க் கறைபோல் வெளியே தோன்றியது. பாவும் ஊடையும் நேர்குறுக்காக இறுகிய நெசவுத்துணிக்கு நெகிழ்ச்சி இல்லை. திருப்பூர்ப் பனியனைப்போல் கண்ணிகளாற் பின்னிய துணியே மேடுபள்ளங்களுக்கு இசைந்து படியும். மேலும் முதுகிலுள்ள பஞ்சு வெறும் மென்மைக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. பலகையின் சொரசொரப்பை மறைப்பதும் பசையூறாமல் தடுப்பதும் அதன் கடமைகள். வேறொரு காரணமும் உண்டு. வண்டியின் உட்பொருள்கள் தீப்பற்றினால் நெருப்பு நிமிஷத்திற்கு 4 அங்குலத்திற்கு மேற் பரவலாகாது என்று அமெரிக்க அரசினர் 1972 முதல் விதித்துள்ளனர்; இந்தியாவிலும் இதனையொத்த தரவிதி உண்டு. தலைமேல் விரிக்கும் துணிக்கு அச்சோதனை இன்றியமையாதது. சேலைத்துணி அதற்காக நெய்யப்பட்டதன்று. அம்பாசடர் கிடைத்தால் பார்ப்போம் என்று மாமா பெருமூச்சுடன் துணியை மடித்தார். (சுருக்கம் மட்டுமே குறையாயின் அவர் சொன்னது பொருந்தும், கம்பியில் தொங்கும் மேற்கட்டிக்கு நெசவுத்துணி ஏற்றதே.)

முடிவில் சேலத்திலிருந்தே பஞ்சொட்டிய பின்னல் துணி வாங்கினோம். நாற்புறமும் மூன்று விரற்கடை மிகுதியிருக்குமாறு வெட்டி, பலகைமேல் பரப்பி, பாதியை மடித்து, அப்பாதிக்கு மட்டும் பசையிட்டோம். தச்சர் வழங்கும் வெள்ளைப் பசை இதற்கு உதவாது, வெப்பத்தில் இளகிவிடும். உஷ்ணம் தாங்கவல்லது என்று குறித்த செயற்கை ரப்பர்ப் பசையே வேண்டும். அதனைப் பலகையிலும் பஞ்சின் முகத்திலும் மெல்லியதாகத் தெளித்து, விரலில் பிசுக்கென்று உணரினும் ஒட்டாத பதம்வரை காத்திருத்தல் வேண்டும். தடித்துப் பூசினால் பஞ்சு குடித்துக் கட்டியாகும். ஆவி தலையைச் சுழற்றும், எளிதில் தீப்பற்றும். ஆகவே திறந்த வெளியும் பீடிக்குத் தடையும் வேண்டும்.

பீடியைத் தடுத்தோம், தறியைத் தடுக்க நினைக்கவில்லை. எதிர்வீட்டு விசைத்தறிகளிலிருந்து பறந்துவந்த நூற்றூசி, பசையின்மேல் பனிபோல் இறங்கி ஒட்டிக்கொண்டது! முதற்பாதியைத் துடைத்து மீண்டும் பசையிட வேண்டியதாயிற்று. தறிகள் நின்ற மாலையில்தான் வேலையைத் தொடர முடிந்தது. நடுவிலிருந்து ஓரம் நோக்கி உள்ளங்கையால் தடவிச் சென்றோம். பள்ளங்களில் முதலில் அழுத்திப் பிறகே மேட்டிற்கு வந்தோம். இழுத்து ஒட்டிய துணி, வெயில் கண்டவுடன் தன் இயல்பிற்குச் சுருங்கிப் பள்ளத்திலிருந்து கிளம்பிவிடும் என்று மேஸ்திரி கூறியிருந்தார். மறுபாதியும் அவ்வாறே. மிகுதியை முதுகுப்புறம் மடித்து ஒட்டி, விளக்கின் துளைக்கு மட்டும் சிறியதொரு குறுக்குவெட்டு இட்டு, ஓர் இரவு முழுதும் பலகையை அசையாமல் விட்டோம். காலையில் அதனை வண்டியில் ஏற்ற அரைமணி நேரமே சென்றது.

அதன்பின் ஒரு கோடை கழிந்துவிட்டது. வலப்புறத்து மூலையில் ஒரு விரற்கடையளவு மட்டும் துணி கிளம்பியுள்ளது. தூசியைச் சரிவரத் துடையாத இடம் அது. பின்கண்ணாடி முழுதும் தெரிகிறது. வண்டியில் ஏறுந்தோறும் மாமா கையை உயர்த்தி மேற்கட்டியை ஒருமுறை தடவிப் பார்த்த பின்னரே சாவியைத் திருகுகிறார்.