சோகப் பாட்டைத் தனியா கேட்காதீங்க... உடுக்கையும் டேங்கோவும் சொல்லித்தரும் ரகசியம்!

பெரியநாயக்கன்பாளையத்துல பஸ் ஏறி காந்திபுரம் போய்ச் சேர்றதுக்குள்ள இயர்போன்ல எத்தனை சோகப் பாட்டு கேட்பீங்க? பிரேக்கப்புக்கு ஒரு பிளேலிஸ்ட், வீட்டு ஞாபகத்துக்கு ஒரு பிளேலிஸ்ட். உள்ளே என்ன ஓடுதுன்னு பக்கத்து சீட்காரருக்குத் தெரியவே தெரியாது.

ஆனா, ஊரே ஒண்ணா உட்கார்ந்து சோகப் பாட்டு கேட்ட மண்ணுங்க இது. கொங்குன்னதும் இப்போ வள்ளி கும்மி ரீல்ஸ்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தக் கலைக்காக மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டி பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீயும் கிடைச்சது. கும்மி நம்ம கொண்டாட்டம்னா, நம்ம கண்ணீர் உடுக்கைப் பாட்டு.

அண்ணன்மாரும் தங்கையும்

கொங்கு உடுக்கைப் பாட்டுல புகழ்பெற்றது அண்ணமார் சாமி கதை. பொன்னர், சங்கர்னு ரெண்டு அண்ணன்மார், அவங்க தங்கை அருக்காணி. அண்ணன்மார் போர்க்களத்தில் உயிரை விட, தங்கை தேடி அலையுறா. ஒரே ராத்திரியில முடியுற கதை இல்லைங்க. 1965-ல் மானுடவியலாளர் பிரெண்டா பெக், காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் இதைப் பதிவு செஞ்சப்போ 18 இரவுகள் பாடினாங்க!

உடுக்கை எப்படி அழுவுது?

நடுவில் ஒடுங்கிய சின்ன வாத்தியம்தான் உடுக்கை. ஒரு கை விரல்கள் தோலைத் தட்டும். இன்னொரு கை இடுப்புக் கயிற்றை அழுத்தும். அழுத்தினா தோல் இறுகி ஒலி ஏறும், விட்டா இறங்கும். கிட்டத்தட்ட ஒருத்தர் விம்முற மாதிரியே இருக்கும். பாடுறவர் கொஞ்சம் பாடுவார், கொஞ்சம் பேசுவார். சண்டைன்னா தாளம் பறக்கும். தங்கை புலம்பல்னா குரல் இழுபடும். கேட்கிறவங்க கண்ணு தானா நனையும்.

கடல் தாண்டி ஒரு சொந்தம்

இதே வேலையை இன்னொரு வழியில செய்யுது டேங்கோ. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ், உருகுவேயின் மான்டிவிடியோ துறைமுகங்களில் பிறந்த இசை அது. ஊரைவிட்டுப் பிழைக்க வந்தவங்க, அடிமைகளா கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள்னு பலரும் சேர்ந்து உருவாக்கினது. 1917-ல் கார்லோஸ் கார்டெல், காதலி விட்டுட்டுப் போன ஒருத்தனின் புலம்பலைப் பாடிப் பதிவு செஞ்சதிலிருந்து, கதை சொல்லும் டேங்கோ பாட்டுகள் பெருகின.

அதுல உடுக்கை இடத்துல இருக்கிறது பாண்டோனியன். நம்ம ஹார்மோனியத்துக்குத் தூரத்துச் சொந்தம். ரெண்டு கையாலயும் இழுத்து அமுக்கி வாசிக்கணும். காத்து உள்ளே போய் வர்றப்போ பெருமூச்சு மாதிரி கேட்கும். தாளம் கறாரா நடக்க, பாடகர் மட்டும் ஒரு சொல்லைத் தாமதிப்பார், அடுத்ததை முந்துவார். தொண்டை அடைச்சவங்க பேசுறதும் அப்படித்தானே?

முக்கியமான விஷயம் இதுதான்!

ரெண்டு பாட்டுமே உங்களைத் தனியா விடாது. டேங்கோவில் அந்தச் சோகத்துக்கு ரெண்டு பேர் அணைச்சுக்கிட்டு ஆடுவாங்க. இங்கே, மணப்பாறை பக்கம் வீரப்பூர்ல படுகளம்னு ஒரு சடங்கு. ஆண்கள் போர்க்களத்தில் செத்தவங்க போலச் சாய்ந்து கிடப்பாங்க. அவங்களைச் சடங்கு செஞ்சு, உயிர் கொடுத்து எழுப்புவாங்க. கூடியிருக்கிற ஜனம் ஒண்ணா அழுது, ஒண்ணா எழுந்து வீட்டுக்குப் போகும்.

சோகம் வர்றதை யாராலும் தடுக்க முடியாது. அதை யாரோட சேர்ந்து கேட்கிறோம்கிறது நம்ம கையில இருக்கு. இந்த வாரம் வீட்டுல அப்பிச்சிகிட்டயோ அம்மிச்சிகிட்டயோ, ‘அண்ணமார் கதை கேட்டிருக்கீங்களா?’ன்னு கேட்டுப் பாருங்க. அவங்க பாட ஆரம்பிச்சா போன்ல ரெக்கார்டு பண்ணுங்க. பண்ணிட்டு, போனை ஓரமா வெச்சுட்டுப் பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க!