அம்பாசிடர் காரில் பிரேக் பிடிக்கலையா?

அம்பாசிடர் காரைத் தெரியாதவர் யார்? மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவில் செய்த வண்டி. 2014-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் எங்க பெரியப்பா ஒர்க்ஷாப்புக்கு இப்பவும் ஒன்றிரண்டு வந்துகொண்டுதான் இருக்கு. கல்யாணம், பிரசவம் என்றால் எட்டுப் பேர் அதில் ஏறிவிடுகிறார்கள். வருகிறவர்கள் சொல்வது ஒன்றுதான், "பிரேக் பிடிக்கல". பெரியப்பா உடனே சக்கரத்தைக் கழற்ற மாட்டார். முதலில் பெடலை மிதித்துப் பார்ப்பார்.

இது நாம் படித்த பாஸ்கல் விதிதான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் பிரேக் ஆயில் அழுத்தப்படும். அந்த அழுத்தம் குழாய் வழியாக நாலு சக்கரத்துக்கும் போகும். அங்கே வீல் சிலிண்டர் ரெண்டு ஷூவையும் விரித்து, சுற்றுகிற டிரம்மின் உள்பக்கம் உரச வைக்கும்.

முதல் மிதிக்குப் பெடல் ஆழமாகப் போய், மறுபடி மிதித்தால் மேலேயே நிற்கிறதா? ஷூ தேய்ந்து இடைவெளி கூடிவிட்டது. அட்ஜஸ்ட் செய்யணும், லைனிங் ரொம்பத் தேய்ந்திருந்தால் மாற்றணும். பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாய்க்குள் காத்து இருக்கு. ஆயில் சுருங்காது, காத்து சுருங்கும், அதான். மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்ல இறங்கினால்தான் பயம். எங்கேயோ ஆயில் ஒழுகுது, இல்லாட்டி மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் போய்விட்டது. பழைய மாடலில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. ஒரு இடத்தில் குழாய் விட்டால் நாலும் போச்சு! ஹேண்ட் பிரேக் மட்டும் தனிக் கம்பியில் பின் சக்கரங்களைப் பிடிக்கும். அப்படிப்பட்ட வண்டியை, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு என்று ஓனர் கத்தினாலும் பெரியப்பா வெளியே விடமாட்டார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது, வண்டி ஒரு பக்கம் இழுக்கிற கேஸ். பிரேக் போட்டதும் இடது பக்கம் இழுத்தால் எல்லாரும் இடது சக்கரத்தைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் அது நல்லாத்தான் பிடிக்குது. பெரும்பாலும் பிடிக்காதது வலதுதான்! அங்கே வீல் சிலிண்டர் இறுகியிருக்கும், அல்லது லைனிங்கில் ஆயிலோ கிரீஸோ பட்டு வழுக்கும். பெட்ரோலில் துடைத்து மாட்டச் சொல்கிறவர்களும் உண்டு. பெரியப்பா சம்மதிக்க மாட்டார். உள்ளே ஊறினது சூட்டில் மறுபடி வெளியே வருமே!

ஓடி வந்ததும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் ஷூ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கு. (டிரம்மைத் தொடாதீங்க, கிட்டே கை கொண்டுபோனாலே தெரியும்.) பிரேக் ஆயிலுக்குப் பதிலாக இஞ்சின் ஆயில் ஊற்றின வண்டியில் ரப்பரெல்லாம் ஊதிப்போய் நாலு சக்கரமும் இப்படி மாட்டும். கர் கர் என்று இரும்புச் சத்தம் வந்தால் லைனிங் தீர்ந்து ரிவிட் டிரம்மைக் கீறுது.

ஏற்காடு மாதிரி மலை இறங்கும்போது மட்டும் பிரேக் குறைந்து, ஆறினதும் சரியானால், டிரம் சூட்டில் விரிந்திருக்கும். அடுத்த தடவை பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் ரெண்டாவது கியரில் இறங்கச் சொல்லி அனுப்புவார்.