படுக்கைக்கு அடியில் டார்பிடோ

போரின் கரைகள் – 6

அரிசோனா போர்க்கப்பல் மூழ்கிய இடத்துக்குப் படகில்தான் போக முடியும். ஹவாயின் ஒவாஹு தீவில், பேர்ல் துறைமுகக் கரையிலிருந்து அமெரிக்கக் கடற்படையே படகு விடுகிறது. போய்ச் சேர சில நிமிடங்கள்தான். கைப்பைகளை வெளியே பாதுகாப்பு அறையில் வைத்துவிட்டு, வெறுங்கையுடன் ஏற வேண்டும். எங்கள் படகில் பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள் நிறைய. நான்காம் வகுப்பு முடித்திருந்த என் மகள், ஏறியதிலிருந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குச் சற்று முன் ஜப்பானிய விமானங்கள் வந்தன. ஏறக்குறைய 800 கிலோ எடையுள்ள ஒரு குண்டு அரிசோனாவின் தளங்களைத் துளைத்து இறங்க, முன்பக்க வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. கப்பலில் 1,177 பேர் இறந்தார்கள். அன்றைய தாக்குதலில் உயிரிழந்த 2,403 அமெரிக்கர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இவர்கள். கப்பலின் இசைக்குழுவில் இருந்த 21 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. கூடப்பிறந்தவர்கள் ஒரே கப்பலில் வேலை பார்ப்பதை அப்போது யாரும் தடுக்கவில்லை. அதனால் அண்ணனும் தம்பியுமாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் இருபதுக்கும் மேல்.

1962-இல் திறக்கப்பட்ட நினைவிடம், மூழ்கிய கப்பலுக்குக் குறுக்கே, அதன் மேல் எங்கும் படாமல் நிற்கும் நீண்ட வெள்ளைக் கட்டடம். வரைந்தவர் ஆல்ஃபிரட் பிரைஸ். வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி ஹவாய்க்கு வந்தவர். பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும், எதிரி நாட்டவர் என்று அமெரிக்க அரசு அவரையே பிடித்துச் சில மாதங்கள் முகாமில் அடைத்தது. அப்படி அடைக்கப்பட்டவரிடமே பின்னாளில் இந்த நினைவிடத்தை வரையும் பொறுப்பு வந்து சேர்ந்தது. கட்டடத்தின் நடுப்பகுதி தாழ்ந்தும் இரு முனைகளும் உயர்ந்தும் இருக்கும். தாழ்வு முதலில் கண்ட தோல்வி, உயரம் பின்னால் வந்த வெற்றி என்று அவரே விளக்கியிருக்கிறார்.

உள்ளே பளிங்குச் சுவர் முழுக்கப் பெயர்கள். மகள் அவற்றை வாசிக்கவில்லை. ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வரும் இடங்களை விரலை நீட்டித் தேடிக்கொண்டிருந்தாள். படகில் நான் சொன்ன அண்ணன் தம்பிக் கதை அவளை அங்கே கொண்டு நிறுத்தியிருந்தது. பிறகு தண்ணீரில் விரிந்த எண்ணெய்ப் படலத்தைப் பார்த்தாள். எண்பது ஆண்டுகளைக் கடந்தும் அரிசோனாவின் தொட்டிகளிலிருந்து எண்ணெய் கசிந்தபடியே இருக்கிறது.

“உள்ள இன்னும் இருக்காங்களாம்மா?”

“இருக்காங்க.”

900-க்கும் மேற்பட்டவர்களின் உடல்கள் வெளியே எடுக்கப்படவே இல்லை. அன்று உயிர் தப்பிய கப்பல்காரர்கள் நாற்பது பேருக்கு மேல், முதுமையில் இறந்த பின் தங்கள் அஸ்தியை இங்கேயே சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். முக்குளிப்பவர்கள் அந்தக் கலசங்களை எடுத்துப் போய்க் கப்பலுக்குள் வைத்தார்கள். இதைச் சொன்னபோது மகள் மறுகேள்வி கேட்கவில்லை. கூட்டாளிகளிடம் போய்ச் சேர்வது என்பது அவளுக்கு விளக்கம் வேண்டாத விஷயம்.

கரைக்குத் திரும்பியதும் பக்கத்திலேயே நிற்கிறது பௌஃபின் நீர்மூழ்கிக் கப்பல். பிள்ளைகள் முகம் மாறுவது இங்கேதான். 95 மீட்டர் நீளம், ஏறக்குறைய 80 ஆட்கள், 24 டார்பிடோக்கள். நான்கு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. குனிந்து, கால் தூக்கி, வட்டக் கதவுகளைத் தாண்டிப் போகும்போது பெரியவர்களுக்கு மூச்சு முட்டும். பிள்ளைகளுக்கோ எல்லாம் அவர்கள் அளவில் செய்தது போலவே இருக்கும். ஒன்றரை டன் எடையுள்ள டார்பிடோவுக்கு மேலும் பக்கத்திலும் படுக்கைகள். கைக்குட்டை அகலத்தில் ஒரு சமையலறை. “இங்கயே இருந்துடலாமா?” என்றாள் மகள். அவ்வளவு சந்தோஷம்.

பௌஃபின் கடலில் இறக்கப்பட்டது 1942 டிசம்பர் 7 அன்று. தாக்குதலுக்குச் சரியாக ஓராண்டு. அதனால் ‘பேர்ல் துறைமுகத்துக்குப் பழிவாங்கியவள்’ என்ற பட்டப்பெயர். போர்க்காலத்தில் ஒன்பது முறை ரோந்து போய் வந்த கப்பல். பேர்ல் துறைமுகத்துக்கு வரும் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியது இந்தப் பட்டப்பெயரோடு முடிந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

1944 ஜூலையில் சைபன் தீவு அமெரிக்கர்களிடம் விழுந்தது. அடுத்தது ஒகினாவாதான் என்று அஞ்சிய ஜப்பானிய அரசு, அங்கிருந்த முதியவர்களையும் பிள்ளைகளையும் அப்புறப்படுத்த முடிவெடுத்தது. ஆகஸ்ட் 21 அன்று, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுஷிமா மாரு என்ற பழைய சரக்குக் கப்பல் நாஹா துறைமுகத்திலிருந்து கிளம்பியது. ஒகினாவாவில் பனி விழாது. ஜப்பானின் பெரிய தீவுக்குப் போனால் ரயிலில் ஏறலாம், பனியைப் பார்க்கலாம் என்று சுற்றுலா போகிற குதூகலத்தில் பிள்ளைகள் ஏறினார்கள். மறுநாள் இரவு பத்து மணிக்கு மேல் டார்பிடோக்கள் கப்பலைத் தாக்கின. ஏவியது பௌஃபின். இறந்தவர்கள் 1,400-க்கும் அதிகம். அவர்களில் 700-க்கும் மேற்பட்டோர் பள்ளிப் பிள்ளைகள்.

சின்னப் பிள்ளையிடம் இதைச் சொல்லலாமா என்று என் கணவர் தயங்கினார். அரிசோனாவின் அண்ணன் தம்பிகளுக்காக வருந்தத் தெரிந்த பிள்ளைக்கு, தன் வயதுப் பிள்ளைகளுக்காக வருந்தவும் இடம் கொடுக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. அந்தப் படுக்கைகளைத் தொட்டுப் பார்த்த அதே நாளில் சொல்லாவிட்டால் பிறகு எப்போது சொல்வது? வெளியே, போரில் திரும்பி வராத 52 அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான நினைவுக் கற்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் அருகில் உட்கார வைத்துச் சொன்னேன்.

“அந்தக் கப்பல்ல பிள்ளைங்க இருந்தது இவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.”

“ஏன், கப்பல்ல எழுதிப் போடலையா?”

போடவில்லை. போர்க்கப்பல்கள் துணைக்கு வர, இருட்டில் போன கப்பல் அணி அது. சுஷிமா மாரு அதற்குச் சற்று முன்புதான் ஒகினாவாவுக்குப் படைவீரர்களை ஏற்றி வந்திருந்தது. அதையும் சொன்னேன்.

“அப்போ எதுக்கு அதுல பிள்ளைங்கள ஏத்துனாங்க?”

ஒகினாவாவின் பெற்றோர்கள் வாய்விட்டுக் கேட்க முடியாமல் போன கேள்வி இது. கப்பல் மூழ்கிய செய்தியை ஜப்பானிய அரசு மறைத்தது. பிழைத்து வந்தவர்களிடம் வெளியே பேசக்கூடாது என்று கட்டளை. போய்ச் சேர்ந்ததாகப் பிள்ளைகளிடமிருந்து கடிதம் வரும் என்று வீடுகளில் காத்திருந்தார்கள். வராத கடிதத்திலிருந்துதான் பலருக்கு விஷயம் புரியத் தொடங்கியது. கப்பல் கிடக்கும் இடமே 1997-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறக்குறைய 870 மீட்டர் ஆழம். எலும்புகளையாவது எடுத்துத் தாருங்கள் என்று குடும்பங்கள் கேட்டன. அது நடக்கவில்லை.

2004-இல் நாஹாவில் அந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு நினைவு அருங்காட்சியகம் திறந்தார்கள். சுவரில் இறந்தவர்களின் படங்கள் இருக்கின்றன. 2014-இல், எழுபதாம் ஆண்டில், பேரரசர் அகிஹிதோ மனைவியுடன் அங்கே போனார். 1933-இல் பிறந்த அவர், மூழ்கிய பிள்ளைகளின் வயதுக்காரர். போர்க்காலத்தில் அவரும் தலைநகரிலிருந்து வெளியூருக்கு அனுப்பி வைக்கப்பட்டவர்தான்.

அடுத்த வாரம் நாஹா.