வீட்டு நோயாளியும் மருந்துப் பெட்டியும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்கு ஏறும் வழியில் கல்லாறு என்னும் சிற்றூர் உள்ளது. மூலிகை மருத்துவத்திற்காக 2018-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற இலட்சுமிக்குட்டி அம்மையாரின் ஊர் அது. இத்தகைய ஊர்களில் தீராநோயுற்றோர் பலர் தத்தம் இல்லத்திலேயே பேணப்படுகின்றனர். இதற்கெனக் கேரள அரசு 2008-இல் ஒரு கொள்கை வகுத்தது. செவிலியர் வீடு தேடி வருகின்றனர். ஆயினும், அவர் விடைபெற்றுச் சென்றபின் மருந்து கொடுக்கும் பொறுப்பு வீட்டாருடையதே. பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் இதில் அறியவேண்டுவன சில உள.

முதலாவது, மொழி. மலையாளத்தில் 'மருந்து கழிக்கணம்' என்றால் மருந்தை உட்கொள்ளவேண்டும் என்பது பொருள். தமிழிலோ கழித்தல் என்பது நீக்குதலாகும். ஒலி ஒன்று, பொருள் நேர்மாறு! ஆகவே, செவிலியர் கூறியதை நம் சொற்களில் திரும்பக் கூறிச் சரிபார்த்தல் வேண்டும். பின்னர் மருந்தின் பெயர், பயன், அளவு, நேரம் ஆகியவற்றைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுக. கொடுத்தவுடன் அதிற் குறியிடுக. இன்றேல், தாய் கொடுத்ததை அறியாது மகனும் கொடுத்துவிடக்கூடும்.

இரண்டாவது, மார்ஃபின். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கடுமையால் நெடுநாள் அருகியிருந்த இம்மருந்து, 2014-இல் வந்த திருத்தத்தால் எளிதிற் கிடைக்க வழி பிறந்தது. சாதாரண மாத்திரையின் பயன் ஏறக்குறைய நான்கு மணி நேரமே நிற்கும். எனவே வலி மூளும்வரை காத்திராது, மருத்துவர் குறித்த வேளை தவறாமல் கொடுத்தல் வேண்டும். மலச்சிக்கல் உண்டாகுமாதலின், அதற்குரிய மருந்தையும் கேட்டுப் பெறுக. மெல்ல மெல்லக் கரையுமாறு செய்யப்பட்ட மாத்திரையைப் பொடிக்கலாகாது. மருந்து முழுதும் ஒருங்கே வெளிப்பட்டு உயிருக்கே ஊறு நேரும். நோயாளியை எழுப்புதல் அரிதாகி மூச்சும் தளர்ந்தால், அடுத்த வேளை மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரை அழைக்க. மற்றபடி நாமாகவே மருந்தைத் திடீரென நிறுத்துதல் கூடாது.

மூன்றாவது, இரட்டிப்பு. பெயர் வேறான இரு மாத்திரைகளில் பாரசிட்டமால் ஒன்றே இருத்தல் கூடும். அது மிகுந்தால் கல்லீரல் கெடும். மூலிகை மருந்து கொடுப்பினும் அதனை மறைக்காது கூறுக. நீர்மருந்தைச் சமையற் கரண்டியால் அளவாது, உடன் தந்த அளவுகுழலையே கையாளுக.

இறுதியாக, மருந்துப் பெட்டி பூட்டியிருக்கட்டும். ஒருவர் மருந்தை மற்றொருவர்க்கு ஈதல் வேண்டா. எஞ்சியதைக் கொடுத்த நிலையத்திலேயே ஒப்படைக்க. வலியின்றி வாழ்தல் நோயாளியின் உரிமை. அதனைக் காத்தல் நம் கடமை.