சொந்தக்காரங்க வீட்டுல தங்கி நியூயார்க் பார்க்கிறது: ஓசியா, செலவா?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட ஒரே கேள்வி, "நியூயார்க் போயிட்டு வந்தியே, எவ்ளோ ஆச்சு?"ங்கிறதுதான். டிக்கெட்டையும் விசாவையும் விட்டுட்டுப் பார்த்தா, 9 ராத்திரிக்கு எனக்கு ஆனது சுமார் 330 டாலர். நான் போனது 2024 மே மாசம். அப்போ ஒரு டாலர் 83 ரூபாய் சொச்சம். ஆக, 27,500 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது.

"அது எப்படிடா முடியும்?"னு கேட்பீங்க. என் பெரியம்மா பொண்ணு, அதாவது அக்கா, குயின்ஸ்ல ஃப்ளஷிங்ங்கிற இடத்துல இருக்காங்க. அக்கா, அத்தான், 6 வயசுப் பையன், ஒரே ஒரு பெட்ரூம். அந்த ஹால் சோபாதான் என் ஹோட்டல்.

இன்னிக்கு மூணு விஷயம் பேசப் போறேன். அந்த ஊர்ல சொந்தக்காரங்க வீடு ஏன் இவ்ளோ பெரிய விஷயம், காசு கொடுக்காம என்னென்ன பார்க்கலாம், அப்புறம் நம்ம "ஓசி"க்கு யாரு பணம் கட்டுறாங்க. மூணாவதை நான் கொஞ்சம் லேட்டாத்தான் கத்துக்கிட்டேன்.

சோபாவோட விலை

நியூயார்க்ல சுமாரான ஹோட்டலே ஒரு ராத்திரிக்கு 200 டாலரைத் தாண்டிடும். 9 ராத்திரின்னா 1,800 டாலர், நம்ம காசுல ஒன்றரை லட்சம். "ஆன்லைன்ல யாராவது வீட்டை வாடகைக்கு எடுத்துக்கலாமே"ன்னா, அதுவும் இப்போ கஷ்டம். 2023 செப்டம்பர்லேருந்து அந்த நகராட்சி ஒரு சட்டத்தைக் கறாரா அமல்படுத்துது. 30 நாளைக்குக் குறைவா வீட்டை விடணும்னா, அந்த வீட்டுல குடியிருக்கிறவர் பதிவு பண்ணியிருக்கணும், விருந்தாளி இருக்கிற நாளெல்லாம் அவரும் கூடவே தங்கணும், ரெண்டு விருந்தாளிக்கு மேல கூடாது. அதனால அந்த மாதிரி வீடுகள் ரொம்பவே குறைஞ்சு போச்சு. சொந்தக்காரங்க சோபா எவ்ளோ மதிப்புன்னு இப்போ புரியுதா?

விசா ஃபார்ம்ல எங்க தங்கப் போறீங்கன்னு கேட்பாங்க. சொந்தக்காரங்க வீடுன்னா அதையே எழுதுங்க, மறைக்க வேண்டாம். ஏர்போர்ட் இமிக்ரேஷன்லயும் கேட்பாங்க. அட்ரஸை ஒரு பேப்பர்ல எழுதி பாஸ்போர்ட்டுக்குள்ள வெச்சுக்குங்க. போன் சார்ஜை நம்பி நிக்காதீங்க.

இன்னொண்ணு, பார்சல். நீங்க கிளம்புறீங்கன்னு தெரிஞ்சதும் சித்தப்பா வீட்டுலேருந்து எதிர்வீடு வரைக்கும் ஆளாளுக்கு ஒரு பொட்டலம் கொண்டு வருவாங்க. எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்துட்டு நீங்களே பேக் பண்ணுங்க. பருப்புப் பொடி, சாம்பார் பொடி மாதிரி பொடிகளைக் கொண்டு போலாம், ஆனா கஸ்டம்ஸ் ஃபார்ம்லயோ வாய் வார்த்தையாவோ சாப்பாட்டுப் பொருள் இருக்குன்னு சொல்லிடணும். பச்சைக் கறிவேப்பிலை மட்டும் வேண்டவே வேண்டாம். அது எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்தைச் சேர்ந்த செடி. அந்த மரங்களை அழிக்கிற பூச்சி அது மூலமா வந்துடும்னு தடை பண்ணியிருக்காங்க. சொல்லாம கொண்டு போய் மாட்டினா அபராதம். எங்க பெரியம்மா பையோட அடியில ஒரு கட்டு ஒளிச்சு வெச்சிருந்தாங்க. கிளம்புற அன்னிக்குக் காலையில கண்டுபிடிச்சு எடுத்தேன்.

7-ஆம் நம்பர் ரயில்

நியூயார்க் சப்வே மேப்பைப் பார்த்தா தலை சுத்தும். நான் ஒரு வழி சொல்றேன். ஒரே ஒரு லைனைப் பிடிச்சுக்குங்க. எனக்கு அது 7-ஆம் நம்பர் ரயில். ஃப்ளஷிங்ல ஆரம்பிச்சு, குயின்ஸ் பூரா பெரும்பாலும் மேம்பாலத்து மேலேயே ஓடி, ஆத்துக்கு அடியில புகுந்து மன்ஹாட்டன் போகும்.

ஃப்ளஷிங் கடைசி ஸ்டாப்ல இறங்கி நடந்தா பிள்ளையார் கோயில். 1977-ல கும்பாபிஷேகம் நடந்தது. அமெரிக்காவோட பழைய இந்துக் கோயில்கள்ல ஒண்ணு. கோயிலுக்குக் கீழ கேன்டீன்ல தோசை. கோயில் இருக்கிற பவுன் ஸ்ட்ரீட்டுக்கு 2022-ல கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்னு இன்னொரு பேரும் வெச்சிட்டாங்க.

அடுத்த ஸ்டாப் மெட்ஸ்-வில்லெட்ஸ் பாயின்ட். பக்கத்துப் பார்க்ல யூனிஸ்ஃபியர்னு ஒரு பிரம்மாண்டமான ஸ்டீல் பூமி உருண்டை நிக்குது, 1964 உலகக் கண்காட்சிக்குச் செஞ்சது. 74-ஆம் தெருவுல இறங்கினா ஜாக்ஸன் ஹைட்ஸ். இந்தியக் கடை, பங்களாதேஷ் கடை, நேபாள மோமோ எல்லாம் ஒரே தெருவுல. சாயங்காலம் அங்க இறங்கணும்னு ஏறுறவங்க ஒண்ணு கவனிங்க. 7-ங்கிற நம்பர் வட்டத்துக்குள்ள இருந்தா எல்லா ஸ்டாப்லயும் நிக்கும். டைமண்ட் வடிவத்துக்குள்ள இருந்தா அது எக்ஸ்பிரஸ். நான் டைமண்ட்ல ஏறி, 74-ஆம் தெரு கண்ணு முன்னாடியே போறதைப் பார்த்துட்டு நின்னேன்.

மன்ஹாட்டன்ல முதல் ஸ்டாப் கிராண்ட் சென்ட்ரல். 1913-ல திறந்த ஸ்டேஷன். கூரையில நட்சத்திர மண்டலம் வரைஞ்சிருப்பாங்க, ஆனா இடம் வலமா மாத்தி வரைஞ்சிட்டாங்க. அடுத்த ஸ்டாப்ல இறங்கினா நியூயார்க் பப்ளிக் லைப்ரரி, வாசல்ல ரெண்டு கல் சிங்கம், உள்ளே போக காசு கிடையாது. அதுக்கடுத்தது டைம்ஸ் ஸ்கொயர். கடைசி ஸ்டாப் ஹட்ஸன் யார்ட்ஸ். அங்கேருந்து ஹை லைன் ஆரம்பிக்குது. ஒரு காலத்துல சரக்கு ரயில் ஓடின மேம்பாலம், இப்போ அது மேல செடி கொடி வெச்சு நடைபாதை. அதுவும் இலவசம்.

டிக்கெட் விஷயம். நான் போனப்போ ஒரு தடவைக்கு 2.90 டாலர். 2026 ஜனவரியிலேருந்து 3 டாலர். ஓம்னின்னு ஒரு முறை இருக்கு. டேப் பண்ற வசதியுள்ள கார்டையோ போனையோ கேட்ல காட்டினா போதும். 7 நாளுக்குள்ள ஒரே கார்டுல 12 தடவை போயிட்டீங்கன்னா, மிச்ச நாளுக்கு ரயிலும் லோக்கல் பஸ்ஸும் இலவசம். நான் போனப்போ வாரத்துக்கு உச்சம் 34 டாலர், இப்போ 35. ஆனா ஒருநாள் கார்டு, ஒருநாள் போன்னு மாத்தி மாத்திக் காட்டினா கணக்கு சேராது. கிளம்புறதுக்கு முன்னாடி பேங்க் ஆப்ல வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் பண்ணிடுங்க.

ஓசியில எது, எது இல்ல

சுதந்திர தேவி சிலையைப் பார்க்க ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி போதும். ஆரஞ்சு கலர் கப்பல், 24 மணி நேரமும் ஓடுது, 1997-லேருந்து கட்டணமே இல்ல. போக 25 நிமிஷம். மன்ஹாட்டன்லேருந்து போறப்போ வலது பக்கம் நில்லுங்க, சிலை அந்தப் பக்கம்தான். அந்தக் கரையில இறங்கி மறுபடி ஏறணும். வாசல்ல யாராவது டிக்கெட் விக்க வந்தா கண்டுக்காதீங்க, அந்த ஃபெர்ரிக்கு டிக்கெட்டே கிடையாது. சிலை இருக்கிற தீவுலேயே கால் வெக்கணும்னா அது வேற படகு, அதுக்குக் காசு.

ஃபெர்ரி டெர்மினலுக்குப் பக்கத்துல பழைய கஸ்டம்ஸ் ஹவுஸ் கட்டடத்துல அமெரிக்கப் பூர்வகுடிகளோட மியூசியம் இருக்கு. இலவசம், கூட்டமும் குறைவு. அங்கேருந்து நடந்தே போனா செப்டம்பர் 11 நினைவிடம். இடிஞ்சு போன ரெண்டு கோபுரமும் நின்ன அதே இடத்துல ரெண்டு நீர்க்குளம், சுத்தி 2,983 பேரோட பேர் செதுக்கியிருக்கு. நினைவிடத்துக்குக் காசில்ல, மியூசியத்துக்குத்தான் டிக்கெட். புரூக்ளின் பாலத்தைப் புரூக்ளின் பக்கத்துலேருந்து நடந்து வாங்க, நகரம் முழுக்க எதிர்ல தெரியும்.

இப்போ ஏமாறுற இடம். மெட் மியூசியத்துக்கு "இஷ்டப்பட்டதைக் கொடுத்தா போதும்"னு பழைய வீடியோவெல்லாம் சொல்லும். 2018 மார்ச்லேருந்து அது நியூயார்க் மாநிலத்துல குடியிருக்கிறவங்களுக்கும், நியூயார்க், நியூ ஜெர்ஸி, கனெக்டிகட் மாணவர்களுக்கும் மட்டும்தான். அக்கா கூட வந்தா அக்காவுக்கு 1 டாலர், எனக்கு 30 டாலர். நான் கொடுத்தேன், ஒரு நாள் பூரா உள்ளேயே இருந்தேன்.

கடையில போட்டிருக்கிற விலை கடைசி விலை இல்ல. 8.875 சதவீதம் வரி மேல வரும். 110 டாலருக்குக் குறைவான துணிக்கு மட்டும் வரி இல்ல. உட்கார்ந்து சாப்பிடுற ஹோட்டல்னா 18 முதல் 20 சதவீதம் டிப்ஸையும் சேர்த்துக்குங்க. அதனால மதியம் தெருவண்டி, ராத்திரி வீட்டுச் சாப்பாடுன்னு நான் ஓட்டிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை

இனிமேதான் நான் சொல்ல வந்தது.

நான் போய் இறங்கினது சனிக்கிழமை. திங்களும் செவ்வாயும் அக்கா லீவு போட்டு என்கூட சுத்தினாங்க. வெள்ளிக்கிழமையும் லீவு போட்டு, கார் வாடகைக்கு எடுத்து நயாகரா போறதா பிளான். நான்தான் சென்னையிலேருந்தே கேட்டிருந்தேன், "அமெரிக்கா வந்துட்டு நயாகரா பார்க்கலன்னா எப்படிக்கா?"ன்னு. மேப்ல ஒரே மாநிலம்தான். ஆனா தூரம் சுமார் 400 மைல். ஒரு வழிக்கே ஆறேழு மணி நேரம் ஓட்டணும்.

செவ்வாய் ராத்திரி நான் தூங்கிட்டேன்னு நினைச்சு, கிச்சன்லேருந்து அக்கா பெரியம்மாகிட்ட பேசிட்டிருந்தாங்க. "ஆகஸ்ட்ல உன் கண் ஆபரேஷனுக்கு வர முடியுமான்னு தெரியலம்மா. லீவு கணக்கு இடிக்குது. பார்ப்போம்." அவ்வளவுதான். என்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

நமக்கு இங்க தெரியாத ஒண்ணு. அமெரிக்காவுல கம்பெனிகள் சம்பளத்தோட வருஷ லீவு கொடுத்தே ஆகணும்னு தேசிய அளவுல சட்டம் கிடையாது. கம்பெனி கொடுக்கிறதுதான். அக்காவுக்கு வருஷத்துக்கு 15 நாள். குழந்தைக்கு ஜுரம் வந்தாலும் அதுலேருந்துதான், ஊருக்கு வந்தாலும் அதுலேருந்துதான். ஊருக்கு வந்து போகவே ரெண்டு, மூணு நாள் பயணத்துல போயிடும். அந்த 15-ல மூணை நான் வாங்கியிருக்கேன். நான் மிச்சம் பிடிச்ச ஒன்றரை லட்சம் எங்கேயும் மறையல, ஆள் மாறியிருக்கு.

காலையில சொன்னேன், "அக்கா, நயாகரா வேண்டாம். நான் ரயில்லயே சுத்திக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ ஆபீஸ் போ."

அக்காவுக்கு முகம் சுருங்கிடுச்சு. "ஏன்டா, எங்ககூட வர பிடிக்கலையா? பெரியவங்க யாராவது ஏதாவது சொன்னாங்களா?" போனைக் கேட்டுட்டேன்னு சொல்லவும் முடியல. "இந்த ஊரே இன்னும் முடியலக்கா"ன்னு சமாளிச்சேன். ஒரு நாள் பூரா சரியா பேசல. அத்தான்தான் குப்பை கொட்டப் போறப்போ என்னையும் கூட்டிட்டுப் போய், லிஃப்ட்ல, "நல்ல வேலை பண்ணினடா"ன்னு மட்டும் சொன்னார்.

அந்த ஒரு நாளாலதான் எல்லாம் நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஆகஸ்ட்ல அக்கா வந்தாங்க, 8 நாள். ஆபரேஷன் அன்னிக்கு பெரியம்மா பக்கத்துல இருந்தாங்க.

போறவங்களுக்கு

கிளம்புறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க: "உங்களுக்கு எத்தனை நாள் வசதி? எனக்காக லீவு போட வேண்டாம்." அவங்க "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, வா"ன்னுதான் சொல்வாங்க. ரெண்டாவது தடவையும் கேளுங்க. ஒரு நாள் கூட வரணும்னு அவங்க ஆசைப்பட்டா, அது சனி ஞாயிறா இருக்கட்டும்.

ஒரே பாத்ரூம் வீடுன்னா, காலையில எல்லாரும் கிளம்பின அப்புறம் குளிங்க. வாஷிங் மெஷின் வீட்டுக்குள்ள இருக்காது, பில்டிங் அடித்தளத்துல காசு போட்டு ஓட்டணும். உங்க துணியை நீங்களே கொண்டு போங்க. சமைச்சுக் கொடுக்கிறது நல்லதுதான், ஆனா தாளிக்கிறதுக்கு முன்னாடி ஜன்னலைத் திறங்க. நான் வத்தல் மிளகாயை எண்ணெய்ல போட்டதும் ஸ்மோக் அலாரம் அலறி, பையன் காதைப் பொத்திக்கிட்டு ஓடினான்.

டிராவல் இன்ஷூரன்ஸ் கண்டிப்பா எடுங்க. அங்க எமர்ஜென்சிக்குப் போனா வர்ற பில், உங்களோட முடியாது. பக்கத்துல நிக்கிற சொந்தக்காரங்களும் தவிச்சுப் போவாங்க.

என் 330 டாலர் கணக்கு இதுதான். ரயில் 46, திரும்பி வர்றப்போ ஏர்போர்ட் ஏர்டிரெயின் எட்டரை, மெட் மியூசியம் 30, வெளியில சாப்பாடு சுமார் 100. மிச்சம் 145 டாலர் அக்கா வீட்டுக்கு. 60 டாலருக்கு மளிகை, 85 டாலருக்கு ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூட்டிட்டுப் போய் ஒரு சாப்பாடு. பில் வந்தப்போ அத்தானோட பெரிய சண்டை. அதுல மட்டும் விட்டுக் கொடுக்காதீங்க.

நயாகரா இன்னும் பார்க்கல. அடுத்த தடவை நானே பஸ் பிடிச்சுப் போறேன். உங்க சொந்தக்காரங்க சோபா கதை இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வணக்கம்.